ஒரே இழையில் மூன்று சேவை: மாரண்டஅள்ளி அருகே ஒரு பழுதின் ஆய்வு

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டாரத்தில் சூறைக்காற்றோடு கோடை மழை அடித்தது. மாரண்டஅள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளி போகும் சாலையில் மாங்கிளைகளும் தென்னை மட்டைகளும் முறிந்து கிடந்தன. அந்தச் சாலையை விட்டு உள்ளே பிரியும் ஒரு சிற்றூரில் எங்கள் கேபிள் நிறுவனத்துக்கு 27 இணைப்புகள் இருக்கின்றன. மாலை 6 மணிக்குப் போன மின்சாரம் விடியற்காலை 3 மணிக்குத்தான் திரும்பியது. புதன்கிழமை காலையிலிருந்து ஊர் முழுவதும் டிவி படம் கட்டம் கட்டமாக உடைந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில்தான் பழுது எங்கே என்று கண்டுபிடித்தோம். கண்டுபிடித்த பிறகு அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் 2003 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். கம்பம் ஏறிப் பழகி, இப்போது தொழில்நுட்பப் பொறுப்பைப் பார்க்கிறேன். எத்தனையோ பழுதுகளைப் பார்த்திருந்தும் இதை எழுதி வைக்கத் தோன்றியதற்கு இரண்டு காரணங்கள். மூன்று நாளும் நாங்கள் தேடிய இடங்கள் எல்லாமே தவறானவை. அதைவிடப் பெரியது, செவ்வாய் இரவு அந்த ஊரில் வயதான ஓர் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது நாங்கள் கொடுத்த தொலைபேசி உயிரில்லாமல் கிடந்தது. டிவி பழுதும் தொலைபேசி மௌனமும் ஒரே மழையில் வந்தவைதான். ஆனால் காரணங்கள் வெவ்வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் மூன்று நாள் போயிற்று.

அந்தக் கம்பிக்குள் என்ன போகிறது

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தாமிரக் கேபிள் காலத்தில் எங்கள் பாடு எளிமையானது. மொட்டைமாடியில் டிஷ், கண்ட்ரோல் ரூமில் கருவிகள், தெருத்தெருவாகக் கருப்புக் கேபிள். சில நூறு மீட்டருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் வைக்காவிட்டால் படம் மங்கிவிடும். ஆம்ப்ளிஃபயர் இருக்கும் தெருவில் மின்சாரம் போனால், வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவருக்கும் படம் வராது. 1995-இல் கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொண்டு தொழில் நடத்தியவர்கள் எங்கள் மூத்தவர்கள். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது, பிறகு செட் டாப் பாக்ஸ் வந்தது, 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தது. ஒவ்வொரு முறையும் தொழிலின் கணக்கு மாறியது. கம்பிக்குள் போகும் பொருள் மாறியது கண்ணாடி இழை வந்த பிறகுதான்.

இப்போது வீட்டுக்குள் வருவது ஒரே இழை. தலைமுடி அளவு தடிமன். அதற்குள் மூன்று நிற ஒளி ஒரே நேரத்தில் ஓடுகிறது. நிறம் என்று சொல்கிறேனே தவிர, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. டிவிக்கு 1550 நானோமீட்டர், இணையம் வீட்டுக்கு வருவதற்கு 1490, வீட்டிலிருந்து திரும்பிப் போவதற்கு 1310. ஒரே தண்டவாளத்தில் மூன்று ரயில் மோதிக்கொள்ளாமல் ஓடுவதுபோல.

டிவியின் வழி நீளமானது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களிலிருந்து இறங்கும் சேனல்களைத் தாய் நிறுவனம் தன் தலைமைக் கூடத்தில் பிடித்து, சேனல்காரர் போட்ட பூட்டைத் (மறையாக்கத்தைத்) திறந்து, தன் பூட்டைப் போட்டு, 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசைகளில் அடுக்குகிறது. ஓர் அலைவரிசைக்குள் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் தரவு போகும். பத்துப் பதினைந்து சேனல்கள் அதில் அடங்கிவிடும். அந்த அடுக்கு அப்படியே 1550 ஒளியாக மாறி எங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. நாங்கள் அதை ஒளிப்பெருக்கியில் வலுவாக்கி ஊர்களுக்கு அனுப்புகிறோம். எங்கள் பகுதியில் தமிழ் சேனலோடு கன்னடமும் தெலுங்கும் வேண்டும். வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிறைய உண்டு. ஒரு சேனலை எடுத்துவிட்டால் எந்த ஊரிலிருந்து முதல் போன் வரும் என்று எங்களுக்கு மனப்பாடம்.

இணையம் வேறொரு நிறுவனத்திடமிருந்து வருகிறது. அலுவலகத்தில் இருக்கும் ஓ.எல்.டி. என்ற பெட்டி அதை 1490 ஒளியாக்குகிறது. நொடிக்கு 2.5 ஜிகாபிட், அதை 32 வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம். திரும்பும் பாதையில் எல்லா வீட்டுப் பெட்டியும் (வீட்டில் இழை வந்து சேரும் சிறு கருவி, செட் டாப் பாக்ஸ் வேறு) ஒரே நேரத்தில் பேசினால் கலந்துவிடும். அதனால் யார், எப்போது, எத்தனை மைக்ரோ நொடி பேச வேண்டும் என்று ஓ.எல்.டி. முறை வைத்துக் கொடுக்கிறது. தொலைபேசிக்குத் தனி ஒளி கிடையாது. நாம் பேசும் குரலை வீட்டுப் பெட்டி நொடிக்கு 50 துண்டாக நறுக்கி, இணையத்தின் ஒளியிலேயே ஏற்றி, உரிமம் பெற்ற மூன்றாவது நிறுவனத்தின் இணைப்பகத்துக்கு அனுப்புகிறது.

ஆக, வாடிக்கையாளருக்கு ஒரு கம்பி, ஒரு ரசீது, ஒரு லைன்மேன். உள்ளே மூன்று நிறுவனம். டிவிக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். இணையத்துக்கும் தொலைபேசிக்கும் தொலைத்தொடர்புத் துறை. புகார் எண்ணும் மூன்று. இந்தச் சிக்கலைப் பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் விவசாயி புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. புரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாங்கள்.

மூன்று நாளும் எங்கே தேடினோம்

புதன் காலை முதல் போனை எடுத்த பெண், "சில சேனல் வருகிறது, சில சேனல் உடைகிறது" என்று கேட்டதும், "பேக் போட்டீர்களா?" என்றுதான் திருப்பிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பத்துப் புகாரில் எட்டு அதுவாகத்தான் இருக்கும். ஒளி குறையும்போது எல்லா அலைவரிசையும் ஒன்றாகச் சாவதில்லை, பலவீனமானவை முதலில் விழும். பார்ப்பவருக்கு அது சந்தா தீர்ந்ததுபோலவே தெரியும்.

பகலில் லைன்மேன் போனார். நல்ல உழைப்பாளி, மழையிலும் ஏணி எடுப்பவர். முதல் வீட்டில் இழையைக் கழற்றிப் பவர் மீட்டரில் செருகினார். மைனஸ் 12 டெசிபல் என்று காட்டியது. மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு என்று பொருள். இணையத்துக்கு மைனஸ் 27 வரைகூடப் போதும் என்று நாங்கள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இந்தக் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒளி பாதியாகும். 10 டெசிபலுக்குப் பத்தில் ஒரு பங்காகும். மைனஸ் 27-க்கே வேலை செய்யும் என்றால் மைனஸ் 12 தாராளம். போதாததற்கு அதே வீட்டில் பையன் கைப்பேசியில் வீடியோ தடங்கலில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "லைன் நன்றாக இருக்கிறது அண்ணா, பாக்ஸ்தான் பழுது. இடியில் போயிருக்கும்" என்று எனக்குச் சொன்னார். நானும் ஒப்புக்கொண்டேன். அன்றும் மறுநாளும் ஒன்பது வீடுகளில் செட் டாப் பாக்ஸை மாற்றினோம். ஒன்றும் மாறவில்லை. வியாழன் மாலை தாய் நிறுவனத்துக்குப் புகார் எழுதினோம். மற்ற ஊர்களில் படம் நன்றாக இருக்கிறதே என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

அந்த மைனஸ் 12-இல்தான் மொத்தக் கதையும் இருந்தது. லைன்மேனிடம் இருந்தது சாதாரண மீட்டர். இழையில் வரும் எல்லா ஒளியையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். டிவி ஒளி எப்போதும் இணைய ஒளியைவிடப் பல மடங்கு பிரகாசமானது. எனவே மீட்டரில் தெரிவது டிவி ஒளிதான். அது மைனஸ் 12 என்பது டிவிக்கு மிகவும் குறைவு. இணையத்தின் ஒளி அணைந்து எரியும் விளக்கு மாதிரி. இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும், மங்கலிலும் படித்துவிடலாம். டிவி ஒளியோ நூறு அலைவரிசைகளின் ஏற்ற இறக்கத்தை நுணுக்கமாகச் சுமந்து வருகிறது. கொஞ்சம் மங்கினாலும் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். இணையத்துக்கான அளவுகோலால் டிவியை அளந்திருக்கிறோம்.

அந்த வீட்டில் இணைப்புக் கொடுத்த அன்று இதே இடத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்திருந்தால், எந்தக் கோட்பாடும் தெரியாமலே பழுது பிடிபட்டிருக்கும். கணக்குப்படி மைனஸ் 3 அல்லது 4 இருந்திருக்க வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை. இருபது ஆண்டு அனுபவம் உள்ள நான் உட்பட யாரும்.

இன்னொரு தடயமும் அப்படியே போயிற்று. புதன்கிழமையே ஓர் அம்மா லைன்மேனிடம், "விடியற்காலையில் கரண்ட் வந்ததும் டிவி போட்டேன், பக்திப் பாட்டு நன்றாக ஓடியது. எட்டு மணிக்குப் பிறகுதான் இப்படி" என்று சொல்லியிருக்கிறார். இடி விழுந்தது முந்தைய மாலை. படம் கெட்டது மறுநாள் எட்டு மணிக்கு. இந்த ஒரு வாக்கியம் என் காதுக்கு வந்திருந்தால் செட் டாப் பாக்ஸைத் தொட்டிருக்கவே மாட்டேன். அது எனக்கு வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தது.

வளையல்

வெள்ளி காலை, வேறு வழியில்லாமல் ஓ.எல்.டி. திரைக்கு முன் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்கு வரும் 1490 ஒளி எவ்வளவு என்று அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த ஊரின் 27 வீடுகளையும் வரிசையாகப் பார்த்தேன். மைனஸ் 20, மைனஸ் 21, மைனஸ் 22. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே போதுமானவை, அதனால்தான் எந்த எச்சரிக்கையும் அடிக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓ.எல்.டி. விடும் ஒளி பிளஸ் 4. ஏழு கிலோமீட்டர் இழையில் 2 டெசிபல் போகும், இணைப்புகளில் ஒன்றரை. ஊர் வாயிலில் நான்காகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரிலும், தெருக்களில் எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரிலும் சேர்த்துப் பதினேழரை. மைனஸ் 17 வர வேண்டும். 27 வீட்டிலும் ஏறக்குறைய ஒரே 4 டெசிபல் காணாமல் போயிருக்கிறது. எல்லோருக்கும் ஒன்றுபோல இழப்பு என்றால் அது வீட்டில் இல்லை, தெருவிலும் இல்லை. ஊருக்கு வரும் வழியில் இருக்கிறது.

ஊருக்குப் போகும் இழையை அலுவலகத்தில் கழற்றி ஓ.டி.டி.ஆர். கருவியில் மாட்டினேன். இழைக்குள் ஒளித்துடிப்பை விட்டு, திரும்பி வரும் எதிரொளியைக் கொண்டு எந்தத் தூரத்தில் எவ்வளவு இழப்பு என்று வரைந்து காட்டும் கருவி அது. 1310-இல் வரைந்தபோது கோடு கிட்டத்தட்ட நேராகவே இருந்தது. 1550-க்கு மாற்றினேன். 4.3 கிலோமீட்டரில் கோடு படிக்கட்டுபோல 9 டெசிபல் கீழே இறங்கியது. இழை அறுந்திருந்தால் இரண்டு நிறமும் செத்திருக்கும். மோசமான ஒட்டு என்றால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இழப்பு. நீண்ட அலைநீளம் மட்டும் அதிகமாகச் சாகிறது என்றால் ஒரே காரணம்தான்: இழை எங்கோ மடங்கியிருக்கிறது. வளைவில் ஒளி வெளியே கசியும். அலைநீளம் கூடக் கூடக் கசிவும் கூடும். 1550-இல் 9 போகும் வளைவில் 1490-இல் 4 போகலாம், 1310-இல் அதைவிடக் குறைவு. டிவி செத்து இணையம் பிழைத்ததன் விடை இதுதான்.

4.3 கிலோமீட்டர் என்பது ஒரு மாந்தோப்பின் ஓரம். லைன்மேனும் நானும் போனபோது ஒரு கல்தூணில் எங்கள் கேபிள் கட்டப்பட்டிருந்தது. செவ்வாய் இரவு தென்னை மட்டை விழுந்து கேபிள் கம்பத்திலிருந்து சரிந்து சாலைக்குக் குறுக்கே தொங்கியிருக்கிறது. புதன் காலை தக்காளிக் கூடை ஏற்றிய டிராக்டரோடு வந்த விவசாயி, அதன்மேல் சக்கரம் ஏறினால் ஊருக்கே கேபிள் போய்விடும் என்று இறங்கி, தூக்கி, தூணைச் சுற்றி இறுக்கிச் சுருட்டித் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். நேரம் எட்டு மணி. எங்கள் சொத்தைக் காப்பாற்ற நினைத்த நல்ல மனிதர். அவர் சுருட்டிய சுருள் ஒரு குழந்தையின் வளையல் அளவு.

பெரிய லைன்களில் நாங்கள் போடும் இழை, பெரியவர்கள் வளையல் அளவுக்கு, அதாவது சுமார் 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கு, வளையும் வரை தாங்கும். அதற்குக் கீழே கசிவு விறுவிறுவென்று ஏறும். வீட்டுக்குள் மூலை முடுக்கில் திருப்புவதற்கென்று வளைவைத் தாங்கும் இழை தனியாக உண்டு. சாலை லைனில் அது இல்லை.

ஊருக்குள் கைப்பேசி சிக்னல் கிடைக்கும் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து வீடு ஒன்றில் மீட்டரோடு ஒருவரை நிறுத்தி, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தேன். ஒரு சுற்றுப் பிரிந்ததும் "மைனஸ் 9" என்றார். இன்னொரு சுற்று, "மைனஸ் 6". கேபிள் நிமிர்ந்ததும் "மைனஸ் 3.5 அண்ணா" என்றார், குரல் உயர்ந்திருந்தது.

தொலைபேசி

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

அந்த ஊர் ஒரு கரட்டின் அடிவாரம். மேல்நிலைத் தொட்டியின் அருகே போனால்தான் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும். அதனால் சில வீடுகளில் எங்கள் தரைவழித் தொலைபேசியை உண்மையாகவே நம்பி இருக்கிறார்கள். அந்த அம்மாவை ஊரில் எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மகன் ஓசூரில் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் வாங்கிக் கொடுத்த இணைப்பு அது. செவ்வாய் இரவு பத்து மணிக்கு மேல் ஆயாவுக்கு மூச்சு இழுத்தது. போனை எடுத்தால் சத்தமே இல்லை. ஓசூரிலிருந்து மகன் கூப்பிட்டபோதும் மணி அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் இருட்டில் மழையோடு தொட்டிக்கு ஓடி 108-ஐ அழைத்தான். ஆம்புலன்ஸ் வந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாளில் ஆயா வீடு திரும்பினார்.

அந்த நேரத்தில் இழை நன்றாக இருந்தது. மட்டை விழுந்து சரிந்த கேபிளில்கூட ஒளி போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஓ.எல்.டி. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆயா வீட்டில் மின்சாரம் இல்லை, அவ்வளவுதான். பழைய தாமிரத் தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே கம்பி வழியாக 48 வோல்ட் வந்தது. ஊரே இருண்டாலும் போன் பேசும். கண்ணாடி இழை ஒளியைக் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. வீட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் கிடைக்காவிட்டால் போன் வெறும் பிளாஸ்டிக். இது எங்களுக்குத் தெரியும். இணைப்புக் கொடுத்தபோது ஆயாவிடமோ மகனிடமோ இதைச் சொன்னோமா? சொல்லவில்லை. பழைய போன்போலவேதான் இருக்கும் என்று சொல்லி விற்றோம். டிவி மூன்று நாள் வராததைவிட இந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் உண்மையான குற்றம் என்று நினைக்கிறேன்.

இணையத்தைப் பற்றியும் அந்த வாரம் இரண்டு வீட்டில் வேகம் குறைவு என்று புகார் இருந்தது. இழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு வீட்டிலும் பெட்டியை இரும்புப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். வெளியே எடுத்து வைத்ததும் தீர்ந்தது.

இப்போது செய்வது

ஒவ்வொரு வீட்டுப் பெட்டியின் மூடிக்குள்ளும் ஒரு சிறிய அட்டை ஒட்டுகிறோம். தேதி, 1490 எவ்வளவு, 1550 எவ்வளவு, அளந்தவர் கையெழுத்து. இரண்டு நிறத்தையும் பிரித்துக் காட்டும் மீட்டர் விலை கூடியது என்று நிறுவனம் முதலில் தயங்கியது. மாற்றிய ஒன்பது செட் டாப் பாக்ஸையும் மூன்று நாள் பெட்ரோலையும் கணக்குப் போட்டுக் காட்டியதும் ஒரு மீட்டர் வந்தது. ஒன்று போதாது, நான்கு லைன்மேனுக்கும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். புகார் எடுப்பவர் இப்போது முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தது?" என்று. பேக் கேள்வி இரண்டாவதாகத்தான் வருகிறது.

சாலையோரக் கேபிளில் ஒவ்வொரு கம்பத்துக்கும் மஞ்சள் தகடு மாட்டினோம். "கேபிள் சரிந்தால் ஓரமாகப் போடுங்கள், சுருட்டிக் கட்ட வேண்டாம், கூப்பிடுங்கள்" என்று எழுதி எங்கள் எண் இருக்கிறது. டிராக்டர் விவசாயியிடம் நேரில் போய்ச் சொன்னேன். தன்னால்தான் ஊருக்கு டிவி போயிற்று என்று அவர் வருத்தப்படத் தொடங்கிவிட்டார். நீங்கள் கட்டாமல் விட்டிருந்தால் அன்றே சக்கரத்தில் அறுந்திருக்கும், அப்போது எல்லாமே போயிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மையும்கூட.

தொலைபேசி வாங்கும் வீடுகளுக்கு 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தொலைபேசி நிறுவனம் அது தங்கள் பொறுப்பு இல்லை என்கிறது. எங்கள் நிறுவனம் வாடிக்கையாளரே வாங்கிக்கொள்ளட்டும் என்கிறது. இன்னும் முடிவாகவில்லை. தனியாக இருக்கும் முதியவர்களின் ஆறு வீடுகளுக்கு மட்டும் லைன்மேன்களும் நானும் பணம் போட்டு வாங்கினோம்.

ஆயா வீட்டில் நானே போய் மாட்டினேன். மகனும் அன்று வந்திருந்தார். மெயின் சுவிட்சை அணைத்தேன். மின்விசிறி நின்றது, பெட்டியின் பச்சை விளக்கு நிற்கவில்லை. அவர் தொட்டிக்கு நடந்து போய்க் கைப்பேசியில் கூப்பிட்டார். இருட்டான திண்ணையில் போன் மணி அடித்தது. ஆயா எடுத்து, "யாரு?" என்றார்.